மணலில் கேட்ட கடல்

இஞ்சாரும்,

இன்று காலை இந்தச் சுவிஸ் ஊரில், லாங்கன்தாலில், வானம் மஞ்சளாக இருந்தது. முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். புரை எடுத்த கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தேன்; பிறகு கையை மாற்றிப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே மஞ்சள். எதிர்வீட்டுச் சுவரும் தேவாலயக் கோபுரமும் தண்டவாளத்துக்கு அப்பால் நிற்கும் தொழிற்சாலைப் புகைபோக்கியும் தேநீரில் தோய்த்து எடுத்தவைபோல் நின்றன. பறவைகள் சத்தம் போடவில்லை. அல்லது போட்டும் எனக்குக் கேட்கவில்லையோ தெரியாது. இப்போதெல்லாம் எதையும் உறுதியாக எழுதப் போனால் பேனை கொஞ்சம் தயங்குகிறது.

பல்கனிக் கதவைத் திறந்து கம்பியில் விரலை வைத்தேன். அரிசிமாவை விட மெல்லிய செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது. வானொலியில் சொன்னார்கள்: தென்காற்று சகாராவிலிருந்து தூசியை அள்ளிக்கொண்டு மலைகளைத் தாண்டி வந்திருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, கார்களை மட்டும் கழுவ வேண்டியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இது புதிதல்ல. நீர் இருந்தபோதும் இப்படி வந்ததுண்டு. அந்தத் தூளை விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, "பாருங்கோ, நாங்கள் போகாட்டிலும் அது எங்களைத் தேடி வருது" என்று சொல்லிச் சிரித்தீர். நீர் போனபின் வந்திருக்கும் முதல் தூசி இது.

நான் சன்னல்களை எல்லாம் மூடினேன். ஈரத் துவாயை முறுக்கிப் பல்கனிக் கதவின் அடியில் வைத்தேன். பிறகு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். அப்படியும் அந்த மணம் உள்ளே வந்துவிட்டது. வெயிலில் காய்ந்த கல்லும் ஒட்டகத்தின் முதுகில் கிடந்த கம்பளியும் சேர்ந்த மணம். அந்த மணத்தோடு தனியாக இருக்கமுடியாமல்தான் உமக்கு எழுதத் தொடங்கினேன்.

பாலைவனத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டவர் நீர்தான். சோலோதுர்னிலிருந்து மகள் நிரோஜா குடும்பத்தோடு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேத்தி ஆரணியின் இலையுதிர்கால விடுமுறைக்கு எல்லோருமாக எங்காவது போகலாம் என்று பேச்சு எழுந்தது. மருமகன் ரமணன் தொலைபேசியில் கடற்கரை ஹோட்டல்களைக் காட்டினான். நீர் ஒன்றையும் பார்க்கவில்லை.

"கடல் நான் பாத்திருக்கிறன். எனக்குப் பெரிய மணல் பாக்கவேணும்."

"மணலோ அம்மா? மணலில என்ன இருக்கு?" என்றாள் நிரோஜா.

"எங்கட ஊர் மணற்காட்டை விடப் பெரிசோ எண்டு பாக்கவேணும். அவ்வளவுதான்."

ரமணன் சிரித்துவிட்டான். "மாமி, சகாராவுக்குப் பக்கத்தில மணற்காடு ஒரு தீப்பெட்டி."

"தீப்பெட்டி எண்டாலும் அது நான் பிறந்த தீப்பெட்டி. போய் அளந்துபோட்டு வருவம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல் என் சட்டைப்பையைத் தொட்டேன். அகதி அந்தஸ்துக் கடதாசியோடு வாழ்ந்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. எல்லையைக் கடக்கிற பேச்சு வந்தாலே கை அங்கே போய்விடும். சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்துப் பல வருடங்களான பின்பும் கை அதை நம்பவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன்: வெயில், பாம்பு, வயிற்றோட்டம், உமது இரத்த அழுத்தம். நீர் பொறுமையாகக் கேட்டீர். கேட்டு முடித்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. எப்ப வெளிக்கிடுறம்?" என்றீர்.

மொரோக்கோவின் தென்கிழக்கில், தார் வீதி முடிந்துபோகும் இடத்தில் எங்களை ஏற்றிக்கொள்ள இத்ரீஸ் என்ற வழிகாட்டி வந்தான். நீல நிறத் தலைப்பாகை கட்டியிருந்தான். நடுத்தர வயது, மெலிந்த உடம்பு. பிரெஞ்சு பேசினான். நிரோஜா பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அவனுக்குப் பின்னால் மணல் தொடங்கியது. அது எப்படி இருந்தது என்று எழுத முயன்றுவிட்டு இரண்டு வரியை வெட்டிவிட்டேன். இவ்வளவுதான் சொல்லமுடிகிறது: பார்வையைக் கட்டி வைக்க அங்கே ஒரு கம்பமும் இல்லை. எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் நாங்கள் ஹோட்டலில் வேலை செய்தபோது மலைகள் எனக்குப் பயம் தந்தன, ஆனால் மலை வந்த இடத்தில் கண் நின்றுவிடும். இங்கே கண் நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது. எனக்குத் தலை சுற்றியது.

நீரோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நின்றீர்.

"எப்பிடி அம்மம்மா? பெரிசோ?" என்று ஆரணி கேட்டாள்.

"பெரிசுதான்," என்றீர். கொஞ்சம் கழித்து, "ஆனா கடல் இல்லை" என்றீர்.

அந்த ஒரு சொல்லை நான் அப்போதே கவனித்திருக்கவேண்டுமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உமது ஊரான மணற்காட்டின் மணல்மேடுகளில் பிள்ளைகள் எங்கே ஓடி விளையாடினாலும் கிழக்கில் கடல் இரைந்துகொண்டேயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டும் வீட்டுக்கு வரலாம், இரைச்சலை முதுகுக்கு வைத்தால் போதும் என்று நீர் எனக்குச் சொல்லியிருக்கிறீர். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்த எனக்கு அந்த வயதில் திசை கண்டுபிடிக்கத் தெரியாது. உமக்குத் தெரியும்.

ஒட்டகங்களில் ஏற்றினார்கள். ஒட்டகம் முதலில் பின்னங்கால்களை நிமிர்த்துகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் முன்னுக்குச் சரிந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தேன். அது திரும்பி, ஒரு பெரிய அதிகாரியைப்போல், இமைமயிர் அடர்ந்த கண்ணால் என்னைப் பார்த்தது.

"மாமா, அது உங்களுக்கு விசா தராது போல கிடக்கு," என்றான் ரமணன்.

நீர் சிரித்த சிரிப்பில் உமது ஒட்டகமே நடையை நிறுத்திவிட்டது.

போகிற வழியெல்லாம் இத்ரீஸ் இறங்கி இறங்கி எதையாவது காட்டினான். மணலில் தையல் போட்டதுபோல் ஒரு கோடு. அதன் முனையில் ஒரு கறுப்பு வண்டு. பளபளவென்று ஒரு சிறிய அரணை. அதைக் கையில் எடுத்து விட்டதும் மணலுக்குள் நீந்தி மறைந்தது. ஆரணி கைதட்டினாள். இன்னொரு இடத்தில் சாய்வுச் சாய்வாகச் சில கீறல்கள். பக்கவாட்டில் போகிற கொம்புப் பாம்பின் தடம் அது என்றான், நேற்றையது. நேற்றையது என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் நிரோஜாவிடம் கேட்டேன். அவள் கேட்டுச் சொன்னாள்: "விளிம்பு மழுங்கியிருக்காம் அப்பா. இண்டைக்கு எண்டால் கூரா இருக்குமாம். காத்து எல்லாத்தையும் அழிச்சுப்போடுமாம்." நான் அந்தத் தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். அழிந்துபோகிற தடம், இன்னும் எங்கோ இருக்கிற பாம்பு. எனக்கு இரண்டும் ஒரே அளவு பயமாக இருந்தன.

பின்னேரம் எழுந்த சின்னக் காற்றுக்கு ஒட்டகங்கள் தாமாகவே கால் மடித்து இருந்தன. முதுகைக் காற்றுக்குக் காட்டி, மூக்குத் துவாரங்களைக் கதவு சாத்துவதுபோல் மூடிக்கொண்டன. இத்ரீஸ் அவற்றைக் காட்டி எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னான். "காத்து வந்தால் ஓடக்கூடாதாம். ஒட்டகம் செய்யிறதைச் செய்யட்டாம். அப்பிடியே குந்தி இருக்கட்டாம்," என்றாள் நிரோஜா. நான் அதை மனப்பாடம் செய்தேன். நீர் ஒட்டகத்தின் மூக்கைப் பார்த்து, "இதை எங்களுக்கும் வைச்சிருக்கலாம் கடவுள், ரயிலில போகேக்க உதவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர். அவன் சொன்னதை நீர் கேட்டிருக்கமாட்டீர் என்றுதான் நினைத்தேன்.

கூடாரத்துக்கு வந்ததும் நீர் செய்த முதல் வேலை எல்லோருடைய சப்பாத்துகளையும் வாங்கி வாசலுக்கு வெளியே வரிசையாக அடுக்கியதுதான். இத்ரீஸ் உள்ளே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"சப்பாத்தோட உள்ளுக்கோ? படுக்கிற இடத்திலயோ? சும்மா இருக்கச் சொல்லு பிள்ளை," என்றீர்.

உள்ளேயே வைக்கும்படி நானும் சொன்னேன். அதற்கு நீர் சொன்ன பதில் லாங்கன்தால் தமிழர் எல்லோருக்கும் பின்னர் பாடமாகிவிட்டது.

"இஞ்ச எந்த ஹவுஸ்வார்ட் வந்து கதவில கடதாசி ஒட்டப்போறான்? இவ்வளவு வருசமும் அவனுக்குப் பயந்து சப்பாத்தை வீட்டுக்குள்ள வைச்சம். இண்டைக்கு ஒரு நாளாவது வெளியில கிடக்கட்டும்."

உண்மைதான். கட்டடம் பார்க்கிற அந்த மனிதன் படிக்கட்டில் செருப்பு வைக்கக்கூடாது என்று ஒருமுறை கடதாசி ஒட்டிய நாளிலிருந்து நான் உம்மை ஒரு சோடி செருப்பையும் வெளியே வைக்கவிட்டதில்லை. செருப்பு மட்டுமா? எங்கடினில் ஹோட்டல் வேலையாட்களுக்குக் கொடுத்த அந்தச் சின்ன அறை உமக்கு நினைவிருக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் விருந்தினர். முதல்நாளே முகாமையாளர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து "மெல்லக் கதையும்" என்பதுதான் நான் உம்மிடம் அதிகம் சொன்ன வார்த்தையாக இருக்கும். பெர்மிட் கையில் இல்லாத காலத்தில் தொடங்கியது, பெர்மிட் வந்த பின்னும் நிற்கவில்லை. பிறந்த ஊரில் குரலால் மணல்மேடுகளைத் தாண்டிய பெண்ணை இப்படி நான் ஒரு அறையின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீர் அதைக் குறையாகச் சொன்னதேயில்லை. "எங்கடின் குரல்" என்று அதற்கு ஒரு பெயர் மட்டும் வைத்தீர்.

விடியற்காலையில் ஆரணியின் அழுகை கேட்டு எழுந்தோம். அவளுடைய ஒரு சப்பாத்தைக் காணவில்லை. வாசலில் பூனைக்குட்டியின் அளவில் சின்னச் சின்னக் காலடிகள். பெரிய காதுள்ள பாலைவன நரி, என்றான் இத்ரீஸ். தோல் வாசத்துக்கு வந்து தூக்கிக்கொண்டு போகுமாம், கொஞ்சம் கடித்துவிட்டுப் போட்டுவிடுமாம். காலடி முதல் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியது. அவன் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனான். வந்து தேடித் தருவதாகச் சொன்னான்.

நீர் காத்திருக்கவில்லை. "ஒரு மேடு தானே. நரி எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று சால்வையை எடுத்துத் தோளில் போட்டீர்.

"போகாதையும்," என்றேன். "அவன் வரட்டும்."

"மணலில எனக்கு வழி காட்ட அவன் வரவேணுமோ? என்ர காலடியைப் பாத்துக்கொண்டே திரும்பி வந்திடுவன். பயப்பிடாதேங்கோ."

"காத்து வந்தால்?"

"எங்க காத்து? பாருங்கோ, ஒரு மயிர் ஆடேல்லை."

ஆடவில்லைத்தான். நீர் வெறுங்காலோடு, நரியின் தடத்துக்குப் பக்கத்தில் உமது தடத்தைப் பதித்துக்கொண்டு மேட்டில் ஏறினீர். உச்சியில் நின்று திரும்பிக் கையைக் காட்டினீர். பிறகு இடுப்பு வரை தெரிந்தீர், தலை மட்டும் தெரிந்தது, பிறகு மேடு மட்டும் இருந்தது.

காற்று எங்கிருந்து எழும்பியது என்று நான் பார்க்கவில்லை. முதலில் மேட்டின் உச்சியில் ஒரு மெல்லிய புகை. பிறகு கூடாரத் துணி ஒருமுறை அடித்தது. பிறகு கிழக்கில் வெளிச்சம் இன்று காலை பார்த்த அதே மஞ்சளாக மாறியது. இத்ரீஸ் ஓடி வந்தான். ஓடக்கூடாது என்று சொன்னவன் அவன்தான்.

நிரோஜா அழுதுகொண்டே அவனிடம் சொன்னாள். அவன் மேட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நரியின் தடமும் இல்லை, உமது தடமும் இல்லை. யாரும் ஒருநாளும் நடந்திராததுபோல் மழமழவென்று இருந்தது அந்தச் சாய்வு.

இத்ரீஸும் ரமணனும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நரி போன பக்கம் போனார்கள். போவதற்கு முன் இத்ரீஸ் ஒட்டகக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரு நுனியைக் கூடாரத்தின் நடுக்கம்பத்தில் கட்டினான். மறுநுனியை என் கையில் கொடுத்தான். கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் இதைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும், விடக்கூடாது என்றான். கூப்பிட்டுக்கொண்டே இருக்கவும் சொன்னான். காற்றுக்குள் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை என்றான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. கூடாரமே ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. கூப்பிடவேண்டும். எதைச் சொல்லிக் கூப்பிடுவது? இவ்வளவு காலத்தில் உமது பெயரை நான் உரக்கச் சொன்னதேயில்லை. "இஞ்சாரும்" என்பது குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையில் போய்ச் சேர்கிற சொல். அதைக் காற்றுக்குள் எறிய முடியாது. முயன்று பார்த்தேன். வாய்க்குள்ளேயே விழுந்தது.

பின்னால் ஆரணி கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு, "அம்மப்பா, கூப்பிடுங்கோ! கூப்பிடுங்கோ!" என்று கத்தினாள். ஒற்றைக் காலில்தான் சப்பாத்து.

அப்போது நீர் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. மணற்காட்டில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடும்போது பெயர் சொல்வதில்லை. பெயர் காற்றில் கரைந்துவிடும். கூக் காட்டுவீர்களாம். ஒரே எழுத்து, நீளமாக. கேட்டவர் அதேபோல் திருப்பிக் கூக் காட்டவேண்டும்.

நான் "கூ" என்றேன்.

"இன்னும் சத்தமா அம்மப்பா! இது எனக்கே கேக்கேல்லை!"

இன்னொருமுறை. இன்னொருமுறை. ஒவ்வொருமுறையும் யாரோ உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நிற்பதுபோலவே இருந்தது. அந்த மனிதரை விலக்கிக்கொண்டுதான் என் குரல் வெளியே வரவேண்டியிருந்தது. எந்தக் கணத்தில் வந்தது என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து, எனக்கே அந்நியமான, ஏதோ விலங்கினுடையது போன்ற குரல் வந்தது. ஒட்டகங்கள் தலையைத் தூக்கின.

பதில் இல்லை.

இஞ்சாரும், அந்தப் பதில் இல்லாத நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதை அளக்க நான் முயலவும் இல்லை. காற்று மேடுகளின் மேலாகப் போகும்போது ஒரு இரைச்சல் எழுந்தது. ஒரு அலை வந்து உடைந்து பின்வாங்கி, இன்னொன்று வருவதுபோல். அது கடலின் சத்தம். அப்போதுதான் விளங்கியது: நீர் இப்போது இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர். கேட்டு, இரைச்சல் கிழக்கு என்று கணக்குப் போட்டு, அதை முதுகுக்கு வைத்து நடப்பீர். இல்லாத ஒரு கடலை நம்பி, இல்லாத ஒரு வீட்டுக்கு. அப்படியென்றால் இத்ரீஸும் ரமணனும் தேடிப் போன பக்கத்தில் நீர் இல்லை. நீர் எங்கே என்பது இந்தப் பூமியில் ஒருவருக்கும் தெரியாது.

நான் கத்தினேன். மேட்டைப் பார்த்து, நீர் மறைந்த அந்த உச்சியைப் பார்த்து, தொண்டை கிழியக் கூக் காட்டினேன்.

பதில் எனக்குப் பின்னால் கேட்டது.

மெல்லிய, நீண்ட, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறுகிற ஒரு "கூ". ஒரு சிறுமியின் குரல் என்றே நினைத்தேன். ஆரணி என்று திரும்பினேன். அவள் வாய் மூடியிருந்தது. கூடாரத்துக்கு அப்பால், ஒருவரும் பார்க்காத பக்கத்திலிருந்து மீண்டும் வந்தது. உமது அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு கயிற்றோடு நடந்தேன். கூவினேன், நீர் கூவினீர். நடந்தேன். பிறகு கயிறு இறுகி நின்றது. உமது குரல் அதற்கு அப்பால் இருந்தது. இன்னும் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். ஆனால் கயிறு முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன் என்று எழுத எனக்கு ஆசை. நான் விடவில்லை. மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். விட்டால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று யோசித்தேனா, அல்லது வெறும் பயமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கயிற்றின் நுனியில் நின்றபடி கூவிக்கொண்டேயிருந்தேன். மஞ்சளுக்குள் ஒரு கறுப்பு அசைந்தது. நான்கு காலில் தவழ்ந்து வருகிற ஏதோ மிருகம் என்று ஒரு கணம் நினைத்தேன். நீர்தான். சால்வையைத் தலையோடு சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு, குரல் வந்த பக்கமாக முழங்காலில் ஊர்ந்து வந்தீர். என் காலைத் தடவிப் பார்த்தீர். பிறகு கயிற்றைத் தடவிப் பார்த்தீர்.

"கட்டிப்போட்டோ விட்டிருக்கினம் உங்களை?" என்றீர்.

காற்று அடங்கியதும், ரமணனும் இத்ரீஸும் வெறுங்கையோடு திரும்பி வந்து உம்மைக் கண்டு அப்படியே மணலில் உட்கார்ந்ததும், நிரோஜா உம்மைக் கட்டிக்கொண்டு ஏசியதும் எனக்கு ஏதோ தூரத்தில் நடந்தவைபோல் இருந்தன. நீர் நடந்ததைச் சொன்னீர். கடல் இரைந்தது, அதை முதுகுக்கு வைத்து நடந்தேன் என்றீர். நடக்க நடக்க இரைச்சல் எல்லாப் பக்கமும் வந்துவிட்டது. கடல் எல்லாப் பக்கமும் இருந்தால் நான் நிற்கிற இடம் ஒரு தீவு, தீவில் நடந்து பயனில்லை. அதனால் ஒட்டகத்தைப்போல் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி இருந்துவிட்டேன் என்றீர்.

"கேட்டியளோ நீர், இத்ரீஸ் சொன்னதை?" என்றேன். பதற்றத்தில் மரியாதை எல்லாம் கலந்துவிட்டது.

"அவன் சொன்னது எனக்குக் கேக்கேல்லை. ஒட்டகத்தைப் பாத்தன்."

சப்பாத்து கூடாரத்துக்குப் பின்னால், மணலில் பாதி புதைந்து கிடந்தது. நரி அதை அங்கேயே போட்டுவிட்டு வெறும் வாயோடுதான் மேட்டில் ஏறியிருக்கிறது. ஆரணி அதைப் போட்டுக்கொண்டாள். குதிக்காலில் சின்னப் பல் பதிந்த ஓட்டைகள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினாள்.

லாங்கன்தாலுக்கு வந்த பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் நீர் இந்தக் கதையைச் சொன்னீர். ஒவ்வொருமுறையும் நரி கொஞ்சம் பெரிதாகியது. கடைசி வரி மட்டும் மாறவேயில்லை: "இவர் கயித்தை விடேல்லை. ஆனா வாயை விட்டார்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கதையில் நீர் ஒருமுறையும் சொல்லாத ஒன்றை வீட்டில், தேநீர் ஊற்றும்போது, என்னைப் பார்க்காமல் ஒருநாள் சொன்னீர். "அந்த மணலில இருக்கேக்க எனக்குப் பயமா இருந்தது. உங்களுக்கு எப்பவும் இருக்கிற பயம் இதுதான் எண்டால், பாவம் நீங்கள்." என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

பிறகு உமது நெஞ்சு. மணலால் வந்ததல்ல என்று வைத்தியர் திட்டமாகச் சொன்னார். நான் இரண்டுமுறை கேட்டேன். ஆஸ்பத்திரியில் உமது கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் இடையில் ஒரு திரை. அந்தப்பக்கம் ஒரு சுவிஸ் மூதாட்டி உறங்கிக்கொண்டிருந்தார். வெளியே பனி பெய்தது. அன்று பின்னேரம் நீர் ஒட்சிசன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, மூச்சை வாங்கி வாங்கிச் சொன்னீர்.

"ஒருக்காக் கூக் காட்டுங்கோ."

நான் திரையைப் பார்த்தேன். அந்த மூதாட்டியை எழுப்பிவிடுவேனோ, தாதி வந்துவிடுவாரோ. குனிந்து, உமது காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, "கூ" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தீர். "இந்தளவு சத்தம் எங்கடினுக்குக் காணும்," என்றீர்.

நான் கேட்ட உமது கடைசிப் பகிடி அதுதான். அதற்குப் பிறகு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. அந்தமுறையும் கயிறு முடிந்துதான் போனது.

இப்போது என்னிடம் இருப்பது பயம்தான். முன்பு அது பல பயங்களாக இருந்தது: பாம்பு, எல்லை, கடதாசி, படிக்கட்டுச் செருப்பு. அவை எல்லாம் எங்கோ போய்விட்டன. செருப்பை நான் இப்போது வெளியேதான் வைக்கிறேன். ஹவுஸ்வார்ட் பார்த்துக்கொண்டு போகிறான், ஒன்றும் சொல்வதில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பயம். உமது அந்தக் குரல், அந்தச் சிறுமியின் குரல், என் காதிலிருந்து மழுங்கிக்கொண்டு போகிறதோ என்று. விளிம்பு கூராக இருந்தால் இன்றையது, மழுங்கினால் நேற்றையது. ஒவ்வொரு காலையும் கண் திறப்பதற்கு முன் அதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு பழக்கமும் மிஞ்சியிருக்கிறது. சந்தைக்குப் போகும்போதும் ரயில் மேடையில் நிற்கும்போதும் யாரையாவது தேடவேண்டியிருந்தால் நான் முன்னால் பார்ப்பதில்லை. முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். ஆரணி இப்போது வளர்ந்துவிட்டாள். ரயிலை விட்டு இறங்கினால் வேண்டுமென்றே எனக்குப் பின்பக்கமாகத்தான் வருகிறாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்து, கதவடியில் வைத்த ஈரத் துவாயை எடுத்தேன். அது செம்மஞ்சளாகியிருந்தது. கதவைத் திறந்தேன். சத்தம் போடக்கூடாது என்று கட்டட விதி சொல்லும் மத்தியான அமைதி நேரம். கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மஞ்சள் இன்னும் வடியவில்லை. பல்கனிக் கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை என்பதை நீர் கவனித்திருப்பீர். பிறகு அடிவயிற்றிலிருந்து கூக் காட்டினேன்.

கீழ்வீட்டுச் சன்னல் திறந்தது. அந்த வீட்டு அம்மா தலையை நீட்டி, ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் நல்லம் என்று அவருடைய மொழியில் சொன்னேன். அவர் தூசி படிந்த வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சன்னலைச் சாத்தினார்.

நான் வீதியைப் பார்க்கவில்லை. அறையின் பக்கம் திரும்பி, காதைக் கொடுத்தபடி நின்றேன்.